கப்பலில் போன தப்பு

சுங்கை சிப்புட் தபால் நிலையத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, சீமைத் தபால் வரும் நாளெல்லாம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் வருவார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டில் ரப்பர் பாலின் புளித்த வாடை வீசும். வேலையை விடாமல், லண்டனுக்குத் தபாலிலேயே விடை எழுதி அனுப்பி பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். திருத்திய தாள் திரும்பி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். வந்த உறையை என் முன்னால் நின்றபடியே பிரிப்பார்.

ஒருநாள் சிவப்பு மையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதே தப்ப அடுத்த மூணு பாடத்திலயும் செஞ்சிருக்கேன் தம்பி. மூணும் இப்ப கப்பல்ல போய்க்கிட்டு இருக்கு.”

“தந்தி அடிச்சிப் பாக்கலாமாண்ணே?”

“வேணாம்லா. போயிட்டு வரட்டும்.”

அன்று அனுப்பக் கொண்டுவந்த நான்காவது பாடத்தைப் பிரித்தார். என் பேனாவை வாங்கி அதில் மட்டும் திருத்தி, மறுபடி ஒட்டிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் மலேரியாவில் போய்விட்டார். அதன்பிறகும் அவர் பெயருக்கு ஒவ்வொன்றாக நான்கு உறைகள் வந்தன. விதிப்படி முத்திரை குத்தி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன். நான்காவதை மட்டும் அனுப்புமுன் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உறை தடிமனாக இருந்தது. உள்ளே சிவப்பு மை இருந்ததா என்று தெரியவில்லை.