நடந்து போகிறவர்கள்

ஹைதராபாத்தில் இனி எங்கிருந்து எங்கே எத்தனை பேர் பயணம் செய்வார்கள் என்று முன்கூட்டியே கணிக்க ஒரு மாடல் தயாரித்துக்கொண்டிருந்தோம். என் மேலதிகாரி ஒரு செகந்திராபாத் தமிழர். சட்டைப் பையில் எப்போதும் கூராகச் சீவிய பென்சில் இருக்கும். கணக்கெடுக்கப் போனால் குடிசையானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். கொடுத்த தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடிப்பார். அதற்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சனத்நகரில் ஒரு சந்து. தொழிற்சாலைக்குப் போகும் தமிழ்ப் பெண் ஒருத்தி தன் வீட்டில் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "தினம் நடந்துதான் சார் போறோம். கால் ஓஞ்சு போகுது. பஸ் விடுவீங்களா?"

"ஹவ்ம்மா, நீங்க சொன்னாத்தானே விட முடியும்?" என்றார், 'ஆமாம்' என்பதை ஹைதராபாத் வழக்கில். அவள் ஓடிப்போய் அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் அழைத்து வந்து சொல்லவைத்தாள்.

மாடல் தயாரானபோது அந்தப் பெண்கள் அதில் இல்லை. அவரிடம் கேட்டேன்.

"பஸ், சைக்கிள், ஸ்கூட்டர்ல போறவங்கதான்யா கணக்கு. நடக்கிறவங்களை எடுத்துடுவோம். எப்பவும் அப்படித்தான்."

"அன்னைக்கே தெரியுமா சார்?"

"தெரியாமயா?" பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்: "பஸ் வரும்னு சொல்லலேன்னா யாருய்யா நம்மகிட்ட உக்காந்து பேசுவா?"

பல வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனேன். எங்கள் கணிப்பு அப்படியே பலித்திருந்தது. அந்தப் பக்கம் பஸ் விடவே இல்லை; அந்தச் சந்திலிருந்து பஸ்ஸில் போகிறவர் ஒருவர்கூட இல்லை. பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டுத் தண்ணீரை அவரால் எப்படி அத்தனை மரியாதையாகக் குடிக்க முடிந்தது?