சபிதாவின் குடமும் ஒன்றரை மணி ரயிலும்

என் சித்தி மகள் செல்வி அக்கா திருப்பூருக்குப் போய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் நான் அவள் வீட்டுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் சங்கரன்கோவிலுக்கு அவளே வந்துவிடுவதால் போகத் தோன்றவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன பங்குனியில் அவளே போனில், "நீ ஊர் ஊராப் போயி எழுதுத, எங்க தெரு மட்டும் உனக்குக் கண்ணுக்குத் தெரியல, என்ன?" என்று கேட்டுவிட்டாள். மறுநாளே சனி, ஞாயிறுக்குப் பையைக் கட்டினேன்.

நான் வேலை பார்ப்பது மதுரையில். ஆரப்பாளையத்தில் காலை 6.10க்குப் பேருந்து. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக ஏறக்குறைய 190 கிலோமீட்டர். கட்டணம் 180 ரூபாய். அவிநாசிபாளையம் தாண்டியதும் சாலையோரம் கம்பெனிப் பெயர்ப்பலகைகள் நெருங்கத் தொடங்குகின்றன. 10.50க்குக் கோவில்வழி பேருந்து நிலையத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன். பெண்களுக்கு அதில் இலவசம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து அக்கா வீட்டுக்கு ஆட்டோ, 70 ரூபாய்.

ஆட்டோக்காரர் வண்டியை எடுக்கும் முன்பே, "எந்த ஊரு நீங்க?" என்றார். மதுரை என்றேன். "நான் உசிலம்பட்டி, அக்கா. வந்து பன்னெண்டு வருசமாச்சு" என்றார். இந்தக் கேள்வியை அடுத்த இரண்டு நாளில் ஒன்பது பேர் கேட்டார்கள், எண்ணிக்கொண்டே வந்தேன். இங்கே பெயரைக்கூட அப்புறம்தான் கேட்கிறார்கள்.

அக்கா குடியிருப்பது காதர்பேட்டையிலிருந்து பதினைந்து நிமிட நடையில், ஒரு லைன் வீட்டில். நீளமான ஒரே கூரை, எதிரெதிரே எட்டு வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். வீட்டுக்காரர் ராமாத்தாள் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஸ்கூட்டரில்தான் எங்கும் போவார். இந்த இடத்தின் வரலாற்றை வண்டியில் உட்கார்ந்தபடியே எனக்குச் சொல்லி முடித்துவிட்டார்.

"எங்க மாமனாரு காலத்துல பருத்திக் காடுங்க. அப்புறம் எங்க ஊட்டுக்காரரு பனியன் கம்பெனி போட்டாரு. கம்பெனி ஊருக்கு வெளியில போச்சு, ஷெட்டை எட்டு ஊடாப் பிரிச்சு வாடகைக்கு உட்டுட்டோமுங்க."

முதலில் எட்டு வீட்டிலும் எங்கள் தென்மாவட்டத்து ஆட்கள்தான் இருந்தார்களாம். இப்போது மூன்றில் மட்டுமே. மற்ற ஐந்தில் ஒடிசாவும் பீகாரும். தெருமுனையில் பரோட்டாக் கடைக்குப் பக்கத்திலேயே தள்ளுவண்டியில் லிட்டி சுடுகிறார்கள், உள்ளே கடலைமாவு வைத்த பீகார் கோதுமை உருண்டை, ஒன்று 15 ரூபாய். கையில் சூடு தாங்காது, ஆனால் விடாதீர்கள்.

பக்கத்து வீட்டு சபிதா, அக்காவோடு ஒரே கம்பெனியில் வேலை செய்கிறாள். அக்கா செக்கிங். தைத்து வரும் துணியில் குறை பார்ப்பது அவள் வேலை. சபிதா கழுத்துப் பட்டையில் சைஸ் லேபிள் தைப்பவள். ஒடிசாக்காரி, வந்து நாலு வருடம். அவளுடைய ஆறு வயது மகள் மிலி அங்கே பாட்டியிடம் வளர்கிறாள். இரண்டு ஆண்டுகளாகக் குழந்தையை நேரில் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி ரயிலில் போய், மகளை அழைத்துவந்து இங்கேயே பள்ளியில் சேர்ப்பதாக ஏற்பாடு. கம்பெனியில் கெஞ்சி வாங்கிய விடுப்பு பத்தே நாள். டிக்கெட் இரண்டு மாதத்துக்கு முன்பே எடுத்தது.

சனி மதியம் மூவரும் காதர்பேட்டைக்கு நடந்தோம். மொத்தமாக பனியனும் டீ-சர்ட்டும் விற்கும் சந்துகள். ஒரு கடையில் மலையாளத்தில் பேரம், அடுத்த கடையில் இந்தியில். கடைக்காரர் இரண்டிலும் பதில் சொல்லிவிட்டு எங்களிடம், "வாங்க, எந்த ஊருங்க?" என்கிறார். சபிதா மிலிக்கு மஞ்சள் கவுன் ஒன்றை எடுத்தாள். என்ன சைஸ் என்று கடைக்காரர் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். நாள் முழுக்க சைஸ் லேபிள் தைக்கிறவளுக்குத் தன் மகளின் சைஸ் தெரியவில்லை. வீடியோ காலில் பார்த்தால் உயரம் தெரியாதுதானே. கடைசியில் ஆறும் எட்டும் இரண்டையும் வாங்கினாள், ஒன்று 130 ரூபாய். வெயில் என்று சொல்லி மூன்று பேருக்கும் கரும்புச்சாறு வாங்கினேன்.

மாலை ஐந்தரைக்குத் தெரு மாரியம்மன் கோவில். பங்குனியில் இங்கே கோவிலுக்கு முன்னால் மூன்று கிளை விட்ட மரம் ஒன்றை வெட்டிவந்து நடுகிறார்கள். அதற்குக் கம்பம் என்று பெயர். பதினைந்து நாள் அது நிற்கும். பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகக் கொண்டுவந்து காலையும் மாலையும் அதற்கு ஊற்றுகிறார்கள். கம்பம் நட்டது வெள்ளிக்கிழமை. எல்லாரும் ஊற்றுவதைப் பார்த்து சபிதாவும் சனி காலையிலேயே ஊற்றியிருந்தாள், பயணம் நல்லபடியாக அமைய வேண்டும் என்று.

அன்று மாலையும் ஊற்றிவிட்டுத் திரும்பியவளிடம், வரிசையில் நின்ற ஒரு பெண் சாதாரணமாகத்தான் சொன்னார்: "தண்ணி ஊத்துனவங்க கம்பம் எடுக்கற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது, தெரியுமில்ல?"

சபிதா முகம் வெளுத்துவிட்டது. "நாளைக்கு ரயில் இருக்குங்க" என்றாள். அவள் கற்ற தமிழ் கம்பெனித் தமிழ். எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டுவிடுவாள்.

பக்கத்தில் இருந்த ராமாத்தாள் அம்மா சிரித்தார். "அதெல்லாம் ஊர்க்காரங்களுக்குத்தான் கண்ணு. உனக்கு ஒண்ணுமில்ல. நீ போ."

பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன். சபிதா தீர்ந்ததாக நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டிய பையை அவிழ்த்து வைத்துவிட்டாள்.

"அக்கா, நாலு வருசம் இங்க இருக்கேங்க. எம் புள்ளைய இங்கதான் ஸ்கூல் சேக்கறேன். நான் ஊர்க்காரி இல்லைன்னா, அவ எந்த ஊருங்க?" என்று அக்காவிடம் கேட்டாள். சாமிக்குத் தப்புச் செய்து குழந்தையை அழைத்துவர மாட்டேன் என்றும் சொன்னாள். அவள் கணவன் பிகாஷ் அவளுடைய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். இதை விட்டால் இனி விடுப்பு எப்போது கிடைக்குமோ.

அக்காவுக்குக் கோபம் வந்தது. அது சபிதா மேல் அல்ல. "ஏட்டி, நான் வந்த வருசம் என்கிட்டயும் இதேதான் சொன்னாவ, ஊர்க்காரங்களுக்குத்தான்னு. நல்லதாப் போச்சுன்னு நான் பஸ் ஏறிட்டேன். ஏறுன பொறவுதான் உறைச்சுது. அன்னையில இருந்து அந்தக் குடத்த நான் தொடல" என்றாள் என்னிடம். அப்போதுதான் கவனித்தேன், மாலையில் அவள் கோவில் வாசலில் வெறுங்கையோடுதான் நின்றாள்.

ஞாயிறு காலை ஆறரைக்கு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ராமாத்தாள் அம்மா வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். தன் பதினெட்டு வருடக் கதையையும் சேர்த்தே சொன்னாள்.

"டிக்கெட் வீணாயிருமேன்னு சொன்னனுங்க. மனசுல அப்படிப் படும்னு நெனைக்கல" என்றார் அந்த அம்மா. பிறகு எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "எங்க ஊட்டுக்காரரு சரக்கு ஏத்திட்டு கம்பம் நட்ட வாரத்துல எத்தனை தடவை பம்பாய் போயிருக்காரு. அவரு பங்குக்கு நான் ஊத்துவேன். ஊட்டைப் பூட்டாம ஒருத்தரு இருந்து ஊத்துனாச் சரிங்க. அவளுக்கு மட்டும் வேற சட்டமா?"

ஏழே காலுக்குக் கோவிலில், எல்லார் முன்னாலும் சபிதாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "உன் பங்குக்கு உன் ஊட்டுக்காரன் ஊத்தட்டும். கம்பம் எடுக்கறதுக்குள்ள புள்ளையோட வந்துரோணும், கடேசித் தண்ணி நீதான் ஊத்தோணும். செல்வி, நீயும் குடத்தைத் தூக்கு கண்ணு, பதினெட்டு வருசம் கோவிச்சுக்கிட்டது போதும்."

பிகாஷ் முதல் குடத்தில் பாதியைத் தன் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டான். அக்கா ஊற்றும்போது அழுதாள். எனக்கும் கை பரபரத்தது. ஓரத்தில் இருந்த குடத்தை எடுத்தேன். நாற்பது ஆண்டுகளாக மாரியம்மனைக் கும்பிடுகிறவள், தமிழச்சி வேறு, யாரைக் கேட்க வேண்டும்?

ராமாத்தாள் அம்மா மரியாதையாகத்தான் குடத்தை வாங்கிக்கொண்டார். "நீங்க வேணாமுங்க. நாளைக்கு மதுரையில ஆபீசுன்னீங்களே. நீங்க வெளியூருங்க."

சபிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த ஊரில் அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்ததாக அக்கா பிறகு சொன்னாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அசடு வழியத்தான். ரயில் பத்து நிமிடம் தாமதமாக 1.40க்கு வந்தது. சபிதாவின் பையில் இரண்டு மஞ்சள் கவுன்களும் மேலாக இருந்தன.

கம்பம் எடுப்பதற்கு முந்தின நாள் அக்கா ஒரு படம் அனுப்பினாள். அம்மாவின் குடத்தை ஒரு கையால் பிடித்தபடி மிலி நிற்கிறாள். எட்டாம் சைஸ்தான் சரியாக இருந்திருக்கிறது. அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் கேலி செய்வீர்கள்.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். எனக்குப் போக வர, சாப்பாடு, கரும்புச்சாறு உட்பட 900 ரூபாய்க்குள் முடிந்தது. தங்கியது அக்கா வீடு. காதர்பேட்டையில் சில கடைகளில் ஒன்றிரண்டு துணி தர மாட்டார்கள், நுழையும்போதே கேட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு வாங்குவதாக இருந்தால் அளவு எடுத்துப் போங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடங்களைப் பார்க்கலாம், எனக்கு நேரமில்லை. பங்குனியில் போய், கம்பம் நட்டிருந்தால், குடத்தில் கை வைக்கும் முன் திரும்பும் டிக்கெட்டின் தேதியை ஒருமுறை பாருங்கள். அடுத்த பங்குனிக்கு நான் பதினைந்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். காரணம் என்ன என்று மேலாளர் கேட்கிறார். தண்ணீர் ஊற்ற என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.