சந்தையில் உட்கார்ந்த ஊர்

எங்கள் ஊர்த் தபாலாபீஸ் என் மளிகைக் கடைக்குள்தான் இருந்தது. ஒரு பக்கம் புளியும் மிளகாயும். இன்னொரு பக்கம் முத்திரை, மை, தபால் பெட்டி. நடுவில் முருகப்பெருமான் படம். காலையில் அவருக்கு விளக்கேற்றி நெற்றியில் விபூதி இட்ட பிறகுதான் தபால் பையைத் தொடுவேன். நான் நாலாவது வரைக்கும் படித்தவன். ஆனாலும் சுற்று வட்டார ஜனங்களின் நல்லது கெட்டதெல்லாம் என் கை வழியாகப் போகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. முருகன் போட்ட வேலை என்றுதான் அதைச் செய்துவந்தேன்.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி, ஓர் ஆவணி மாதம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நடுவயது. நெல் வயலில் உழைத்துக் காய்த்துப்போன கைகள். வந்தவர் மோர்கூடக் குடிக்கவில்லை.

"ஐயா, ஈச்சவலசுன்னு ஒரு ஊரு. எங்க இருக்குதுன்னு சொல்லணும்" என்றார்.

"அப்படி ஒரு ஊரே கெடையாதுங்களே" என்றேன்.

அவர் மடியிலிருந்து ஒரு பழைய கார்டை எடுத்துக் காட்டினார். கரையான் தின்றது போக மிஞ்சியிருந்தவை எங்கள் ஆபீஸ் முத்திரையும், அனுப்பினவர் ஊராக ஈச்சவலசு என்ற பெயரும்தான். அவருடைய அப்பா அந்த ஊரை விட்டு ஆத்தூர்ப் பக்கம் பிழைக்கப் போனவராம். இவர் சிறுபிள்ளையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அதோடு பூர்வீகமும் போயிற்று.

இப்போது மகளுக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள்: உங்கள் குலசாமி எது? ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறையாகிவிடும், கல்யாணம் கூடாது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் செல்லாண்டியம்மன். இவருக்கு எந்தச் சாமி என்று இவருக்கே தெரியாது.

"ஐப்பசிக்குள்ள சொல்லலேன்னா வேற எடம் பாத்துக்குவோம்னுட்டாங்க. பொண்ணு வாய தொறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா நான் பொறப்படறப்ப வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா" என்றார்.

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி வெளியே வந்தாள்.

"ஏனுங்க, பரண்மேல கெடக்குற காயிதத்த அடுப்புக்குக் கேட்டா சர்க்கார் சொத்துன்னு குதிச்சீங்களே. இப்பவாச்சும் எறக்கிப் பாருங்க" என்றாள்.

இறக்கினோம். எனக்கு முன்னால் ஆபீஸ் நடத்தியவர்கள் துணியில் கட்டிப்போட்ட மூட்டைகள். தூசியும் பல்லி முட்டையும் தும்மலுமாக மத்தியானம் வரை புரட்டினோம். மறந்துபோன எத்தனையோ குடியிருப்புகளின் பெயர்கள் அதில் இருந்தன. கடைசியில் கிராமத் தபால்காரருக்கு எழுதிக்கொடுத்த ஊர் வரிசை ஒன்று அகப்பட்டது. மேட்டுப்புதூர், அதற்கடுத்து ஈச்சவலசு, அதற்கடுத்து கரட்டூர்.

"முருகா!" என்று கத்திவிட்டேன். மேட்டுப்புதூருக்கும் கரட்டூருக்கும் எனக்கு வழி தெரியும். இரண்டுக்கும் நடுவில்தானே இருக்க வேண்டும்? மறுநாளே வண்டி பூட்டிக்கொண்டு போனோம்.

நடுவில் கரடும் கள்ளியும்தான் இருந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் இங்கே ஊர் இருந்ததா என்று கேட்டேன்.

"இங்கயா? ஓணானுக்குத்தானுங்க ஊடு இருக்குது. வேணும்னா கூப்புட்டுக் கேளுங்க" என்று சிரித்தாள்.

வெறுங்கையோடு திரும்பினோம். அடுத்த நாள் சந்தை. "சந்தைத் தபாலைக் குடுத்துட்டு உங்களை பஸ் ஏத்தி விடறேனுங்க" என்றேன். அவரும் கூடவே சந்தைக்கு வந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தபாலைத் தூக்கிக்கொண்டு வலசு வலசாக, சிற்றூர் சிற்றூராக, வெயிலில் யாரும் நடப்பதில்லை. வாரச் சந்தைக்கு எல்லா ஊர் ஜனங்களும் வந்துவிடுவார்கள். அவரவர் எப்போதும் உட்காரும் இடத்தில்தான் உட்காருவார்கள். நான் கடிதங்களை அந்த வரிசையிலேயே அடுக்கிக்கொண்டு கொடுத்தபடி நடப்பேன்.

அன்றும் அப்படித்தான். வெற்றிலை வரிசை முடிந்தது. உப்பு வரிசை முடிந்தது. நெய் வரிசைக்கு வந்து "மேட்டுப்புதூர்!" என்று அந்த ஊர் நெய்க்காரம்மாவிடம் ஒரு கடிதத்தை நீட்டினேன். தாண்டிப் போய் "கரட்டூர்!" என்று இன்னொன்றை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அதில் நெய்க்காரம்மா தன் கூடையை வைத்திருந்தார்.

அந்தப் பட்டியல் பாதையின் வரிசை இல்லை. சந்தையில் உட்காரும் வரிசை! வாராவாரம் இதே வேலையைச் செய்கிற நானே அதைப் பாதை என்று நம்பி வண்டி கட்டியிருக்கிறேன்.

"ஏனுங்கம்மா, இந்த எடத்துல முந்தி யாரு உக்காந்தாங்க?"

"எங்கம்மா காலத்துல ஈச்சவலசுக்காரங்க. தங்கமான சனம். நெய்யில கலப்படமே பண்ணத் தெரியாது, அதனாலதான் முன்னுக்கு வரல" என்றார் நெய்க்காரம்மா. "மலையடியில கெணறு வத்திப்போயி, ஒவ்வொரு குடும்பமாக் கெளம்பிட்டாங்க. எடத்த நாங்க யாருக்கும் உடல."

"நேத்து உங்க ஊருக்கு வந்திருந்தமே!"

"எங்க ஊருக்கு வந்துட்டு என்னையக் கேக்காமப் போனீங்களா? காயிதத்தக் கேப்பீங்க, மனுசரக் கேக்க மாட்டீங்க. நல்ல போஸ்ட்டு மாஸ்டரு போங்க சாமி!"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆத்தூர்க்காரர் மட்டும் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நெய்க்காரம்மா கூடையை எடுத்து அப்பால் வைத்தார். "உக்காருங்க சாமி. உங்க எடந்தான்" என்றார். அவர் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அங்க என்ன சாமிங்க?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"எங்கம்மா கோயில் இருக்குதுன்னுதான் சொல்லும். நான் போனதில்ல. வழி சொல்றேன், பாத்துட்டு வாங்க."

அந்த வழி நாங்கள் நேற்றுப் போனதற்கு நேர் எதிர்த் திசை. மத்தியானம் வண்டியில் போனோம். இடிந்த சுவர்களுக்குள் ஆமணக்கு ஆளுயரம் வளர்ந்திருந்தது. தூர்ந்த கிணறு ஒன்று. அதைத் தாண்டி ஒரு வேப்பமரம். மரத்தடியில் கோயில் தெரிந்ததும் அவர் வண்டியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார்.

"நீங்க போயிப் பாருங்க ஐயா. அந்தச் செல்லாண்டியம்மனா இருந்துட்டா என் பொண்ணுகிட்ட நான் எப்படிப் போயி நிப்பேன்?"

நான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். யாரோ எருமை மேய்க்கிறவர்கள் எண்ணெய் விட்டு ஏற்றிய அகல் ஒன்று இருந்தது. புடைப்பாகச் செதுக்கிய ஒரு கல். மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. துண்டால் துடைத்தேன். முதலில் ஓர் அரிவாள் தெரிந்தது. பிறகு மீசை தெரிந்தது. நல்ல முறுக்கு மீசை!

"கருப்பனாருங்க! மீசை இருக்குதுங்க!" என்று கத்தினேன்.

அவர் எப்படி இறங்கினார், எப்படி ஓடிவந்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது மண்ணில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. எந்த வழியாகச் சுற்றினாலும் சேர்க்க வேண்டிய இடத்தில் முருகன் சேர்த்துவிடுகிறான்.

ஐப்பசியில் நல்ல மழை. ஆறு பெருகி ஆத்தூர்ப் பக்கம் பஸ் நின்றிருந்தது; தபால் மட்டும் சுற்றுவழியில் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் தபால் பையைப் பிரித்தபோது, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கார்டு இருந்தது. விலாசம்: கருப்பனார் அவர்கள், ஈச்சவலசு. கீழே எங்கள் ஆபீஸ் பெயர். முதல் பத்திரிகை குலசாமிக்குத்தான் வைக்க வேண்டும். நேரில் வர வழியில்லாததால் தபாலில் அனுப்பியிருக்கிறார். முதலில் அமைந்த அந்த மாப்பிள்ளைக்கே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

என் வீட்டுக்காரி வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையும் சந்தையிலயே குடுத்துருவீங்களாக்கும்?" என்றாள்.

கருப்பனார் சந்தைக்கு வருவாரா? குடையை எடுத்துக்கொண்டேன். நெய்க்காரம்மாவிடம் சந்தையில் வாங்கியிருந்த நெய்யில் விளக்குக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி, நடந்தே போய்ச் சேர்த்தேன்.