துடைக்காத நூற்றொன்பது நாட்கள்

சிவானந்தன் நோர்வேக்கு வந்தது 1987ஆம் ஆண்டு, ஒக்ரோபர் 9. வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டத்தான் முதலில் விட்டார்கள். குளிரறையின் வெப்பநிலையை மணிக்கொரு தடவை எழுதும் பொறுப்பு ஆறு மாதத்தில் அவர் கைக்கு வந்தது. அதுவரை அதை எழுதியவர்கள் கதவைத் திறவாமலே நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சிவானந்தன் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து பார்த்துத்தான் எழுதினார். அவரது சீவியம் அப்படியே அமைந்துபோயிற்று.

பிறகு ஒஸ்லோவில் மாலை வகுப்பு, புஷ்பமலருடன் கல்யாணம், அம்மருட்டில் எட்டாம் மாடி வீடு. கடைசிப் பதினான்கு வருடமாக அவர் வேலை செய்தது ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில். மின்சாரம் எட்டாத ஊர்களில் எவ்வளவு வெயில் விழுகிறது, சூரியத்தகடு வைத்தால் எந்த ஊருக்குப் பலன் என்று கணக்கிட்டுப் பட்டியல் கொடுப்பது அவர்களின் தொழில். ஊருக்கொரு கம்பம், அதன் உச்சியில் கண்ணாடிக் குமிழ் மூடிய வெயில்மானி. நிமிடத்துக்கு ஒரு எண் ஒஸ்லோவுக்கு வரும். ஆறு மாதம் சேர்ந்தபின் அந்த எண்கள் சரியா என்று பார்ப்பது சிவானந்தன்.

2024இல் மலாவி நாட்டில் ஒன்பது ஊர்கள் அவர் மேசையில் இருந்தன. ஏழாவது மபுலூகா. அங்கே தோகோ என்ற பெண் தினமும் காலை குமிழைத் துடைப்பாள். அவளை அவர் கண்டதில்லை. அவள் கையின் நிழலைத்தான் எண்களில் கண்டிருந்தார். காலை ஏழு பத்துக்கு வெயில் ஒரு நிமிடம் சரியும், அடுத்த நிமிடம் முன்னிருந்ததைவிடக் கொஞ்சம் கூடி நிற்கும். ஞாயிற்றுக்கிழமையும் தவறாது. கோடையில் ஒஸ்லோவுக்கும் மலாவிக்கும் ஒரே மணி. அம்மருட் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது ஏழு பத்தானால், அவள் இப்போது துடைப்பாள் என்று நினைத்துக்கொள்வார்.

ஒக்ரோபர் 2, புதன்கிழமை, மபுலூகாவின் வெயில் பட்டியலின் எல்லைக்குக் கீழே விழுந்துவிட்டதைக் கண்டார். எல்லைக்குக் கீழே போன ஊருக்கு அந்த வருடம் மின்சாரம் கிடையாது. மேகம் என்று எழுதிவிட்டு எவரும் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள். அவர் பின்னோக்கிப் புரட்டினார். ஜூன் 14 காலை ஏழு பத்துக்கு அந்தச் சரிவு இருந்தது. ஜூன் 15இல் இல்லை. அதன் பின் ஒரு நாளும் இல்லை. நூற்றொன்பது நாட்கள். அது மேகமல்ல, தூசி.

மாவட்ட இணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. துடைத்த பெண் ஜூன் 14 இரவு பிரசவத்தில் இறந்துவிட்டாள். மகப்பேற்று அறையில் வெளிச்சம் இல்லை. பிடித்துக்கொண்டிருந்த கைபேசியின் விளக்கும் பாதியில் அணைந்துவிட்டது. வேறு ஆளை இன்னும் நியமிக்கவில்லை.

சிவானந்தன் அந்த வாரக்கடைசி முழுதும் இருந்து மூன்று பக்க அறிக்கை எழுதினார். சரிவு இருந்த நாட்கள், நின்ற நாள், தூசி ஏறிய வேகம், தூசியைக் கழித்தால் வரும் உண்மையான வெயில். கழித்துப் பார்த்தால் மபுலூகா எல்லைக்கு மேலே நின்றது. ஊரைக் காப்பாற்றிவிட்டதாகவே நம்பினார்.

திட்டத் தலைவன் ஷ்யாம் கோயம்புத்தூர்க்காரன், முப்பத்துநாலு வயது. அறிக்கையை இரண்டு தரம் வாசித்துவிட்டு அவரைக் கூப்பிட்டான்.

"சார், நீங்க சும்மா விட்டிருந்தா இது மறு அளவீட்டு லிஸ்ட்ல போயிருக்கும். ஒரு வருஷம் லேட்டாகும், அவ்ளோதான். இப்ப துடைக்கலன்னு நீங்களே நிரூபிச்சுக் கொடுத்துட்டீங்க. விதி பதினாலு."

தொடர்ந்து அறுபது நாள் துடைக்காத நிலையம், பராமரிக்க ஆளில்லாத ஊர் என நீக்கப்படும். அதுதான் விதி பதினாலு.

"அந்தப் பிள்ளை செத்துப்போனதாலைதான் துடைக்கேல்லை, தம்பி."

"விதி காரணம் கேக்காது சார். யார் எழுதினது அது?"

எழுதியது சிவானந்தன். 2021இல் வேறோர் ஊரில் காவலாளியின் அசட்டையால் ஒரு வருட அளவீடு பாழானபின் எழுதினார். 'தகுந்த காரணம் இருந்தாலன்றி' என்று ஒரு சொற்றொடர் சேர்க்கலாமே என உடன் வேலைசெய்த யூலியா கேட்டிருந்தாள். காரணத்தை அளக்க முடியாது என்று சொல்லி அதை வெட்டியவரும் அவரே. வெட்டிய பிரதியை ஷ்யாம் திரையில் திறந்து காட்டினான். ஓரத்தில் அவரது முன்னெழுத்தும் தேதியும் இருந்தன.

அன்று பின்னேரம் புஷ்பமலர் முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றியபடியே முழுவதையும் கேட்டாள். சாப்பாட்டைச் சூடாக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"ஒருத்தரும் கேக்காமல் நீங்களாப் போய்க் காட்டிக்குடுத்துப்போட்டு வந்திருக்கிறியள்," என்றாள்.

போர்க்காலத்தில் காட்டிக்கொடுப்பால் உயிர்கள் போனதைக் கண்ட அவர்கள் ஊர்ச் சனம் அந்தச் சொல்லைச் சும்மா சொல்வதில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவள் அதை அவருக்குச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடவில்லை. முழுவதும் சாப்பிட்டு முடித்தார்.

ஒக்ரோபர் 17, வியாழக்கிழமை, மபுலூகாவில் வெயில்மானியைக் கழற்ற ஒருவர் போனார். பெட்டியில் வைப்பதற்குமுன் குமிழைத் துடைக்க வேண்டும் என்பது கையேட்டில் உள்ளது. துடைத்தார். ஒஸ்லோவில் மழை தூறிக்கொண்டிருந்த பதினொன்றே முக்கால் மணிக்கு, சிவானந்தனின் திரையில் எண் ஒரு நிமிடம் சரிந்தது, பிறகு ஏறியது. ஆயிரத்து முப்பத்தெட்டு. அந்த நேரத்தில் மற்ற எட்டு ஊர்களில் ஒன்றும் அந்த அளவைத் தொடவில்லை. பதினொரு நிமிடம் அப்படியே நின்றது. பன்னிரண்டாம் நிமிடம் பூச்சியம்.

நீக்க உத்தரவுக்குப் பின் வரும் அளவுகள் செல்லாது. அது விதி பதினைந்து; அதுவும் அவருடையது. பதினொரு வரிகளையும் தெரிவுசெய்து அழித்தார். பிறகு எட்டு ஊர்களின் இறுதிப் பட்டியலை முதலிலிருந்து ஒருமுறை சரிபார்த்து, பிழை எதுவும் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார்.