ஒரகடத்துத் தஞ்சமாம்பாள்

கங்கா சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். ஒரகடத்தில் வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனி ஒன்றில், லைனின் கடைசியில், வெள்ளை விளக்குக்கு அடியில் அவள் இடம். வருகிற ஒவ்வொரு கட்டையும் புரட்டிப் பார்ப்பாள். கிளிப் சரியாக உட்காரவில்லையா, டேப் நுனி பிரிந்திருக்கிறதா, சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவாள். "கங்கா கண்ணுல பட்டா நல்ல பீஸும் ரிஜெக்ட் ஆயிடும்" என்று லைனில் கேலி பேசுவார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

வேலையை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்றால் யாருக்கு முடிகிறது? பால்காரன் முகத்தையும் அப்படித்தான் பார்ப்பாள், பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பையும் அப்படித்தான் பார்ப்பாள். ஒரே ஒருவனை மட்டும் பார்த்ததும் பாஸ் போட்டுவிட்டாள். அவன் மாசானம். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து, பிரஸ் லைனில் நிற்கிறவன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போட்டு, அந்தச் சண்டை ஓயாமலே கல்யாணத்தில் முடிந்தது. கங்காவின் அப்பா நடேசன் ஸ்ரீபெரும்புதூர் தேரடியில் பஞ்சர் கடை வைத்திருந்தார். அம்மா இல்லாத பெண், ஒரே பெண். "தெக்கத்திப் பையன், உழைக்கிறான், போதும்" என்று தாலி எடுத்துக் கொடுத்தார். ரோடு அகலமானதில் கடை போனபின் செய்யாற்றில் இருந்த தம்பி ராமன் வீட்டுக்கே போய்விட்டார்.

கல்யாணமான முதல் சித்திரையில் மாசானத்தை ஸ்ரீபெரும்புதூர்ப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உடையவர் பிறந்த ஊர் ஆயிற்றே, உற்சவம் தொடங்கினால் தினமும் உபன்யாசம். பஞ்சர் கடைக்குள்ளேயே ஸ்பீக்கர் சத்தம் வந்து விழும், அதனால் உடையவர் இராமானுசரின் கதை கங்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். மாசானத்துக்கு ஒன்றும் தெரியாது. அவனுடைய சாமிகள் வேறு, கொடைத் திருவிழாக்கள் வேறு.

"இந்த உடையவர் சன்னியாசம் வாங்கன கதை தெரியுமா உனுக்கு? பொண்டாட்டி தஞ்சமாம்பாள் ஒரே சண்டக்காரி. பசின்னு வந்தவனுக்குச் சோறு போடல, குருவோட சம்சாரத்தாண்ட கிணத்தடியில சண்ட. மனுசன் பாத்தாரு. மாமனார் எழுதன மாதிரி ஒரு லெட்டர் எழுதி, வூட்ல கல்யாணம், உடனே வான்னு, மஞ்சள் குங்குமம் பொடவையெல்லாம் வெச்சி ஒரு ஆள்கிட்ட குடுத்து அனுப்பனாரு. இந்தம்மா குஷியா அப்பன் வூட்டுக்குக் கெளம்பிட்ச்சி. அவுரு நேரா போயி காவி கட்டிகினாரு!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். உபன்யாசம் கேட்கிற கூட்டமும் வருஷா வருஷம் அந்த இடத்தில் சிரிக்கத்தான் செய்யும். மாசானம் மட்டும் சிரிக்காமல், "அந்தம்மா அங்க போயி என்ன செஞ்சிச்சி?" என்று கேட்டான். அதை யாரும் சொன்னதில்லை. கங்காவும் அதுவரை யோசித்ததில்லை.

குழந்தை இல்லாமல் சில வருஷம் ஓடியது. அதன் பிறகுதான் மாசானத்தின் நடவடிக்கை கோணியது. முதலில் கோழிக்கறியை விட்டான். பிறகு கட்டிலை விட்டுத் தரையில் பாய் விரித்தான். வாரத்தில் ஒரு நாள் ஓ.டி. என்று சொல்லிவிட்டுப் போவான், அன்றைக்கு யூனிபார்மில் எண்ணெய்க் கறை இருக்காது. போன் அணைந்திருக்கும். கங்கா ஒரே முடிவுக்கு வந்தாள். பெண் விவகாரம்! அவன் லைனில் புதிதாகச் சேர்ந்திருந்த சுகப்பிரியா என்ற பெண்ணின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, மூக்கு சப்பை என்று சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

அடுத்த "ஓ.டி." நாளில் லீவு போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அவன் பைக்கைப் பின்தொடர்ந்தாள். வாலாஜாபாத் தாண்டி, பாலாற்றங்கரையில் ஓட்டு வீடு மாதிரி ஒரு சின்ன மடம். அங்கே மாசானம் சட்டையைக் கழற்றிவிட்டு, மாட்டுக் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

ஒரு நிமிஷம் உயிர் வந்தது கங்காவுக்கு. அடுத்த நிமிஷமே அது போயிற்று. பெண் என்றால் போய்த் தலைமுடியைப் பிடித்திருக்கலாம். இதை எங்கே பிடிப்பது?

மடத்தில் ஒரே ஒரு வயதான சாமி இருந்தார். கிழக்குச் சுவரில் மூன்று மூங்கில் கழிகளைச் சேர்த்துக் கட்டிய துறவியின் முக்கோல் ஒன்று சாய்ந்திருந்தது. கங்கா விறுவிறுவென்று போய் அவர் முன்னால் நின்றாள்.

"அந்தாளு எம்புருசன். அவருக்கு இன்னா மருந்து வெச்சிகீற?"

சாமிக்குக் கோபம் வரவில்லை. கங்காவுக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. "தானா வந்தான், தாயி. எந்தச் சாதிக்காரன் வந்தாலும் இந்த மடம் கதவைச் சாத்துறதில்ல. ஆனா சம்சாரம் தன் வாயால சரின்னு சொல்லாம காவி குடுக்கறதும் இல்ல, அது எங்க மடத்து முறை. துறவின்னா நெனச்சபடி ஓடிப் போறது இல்ல. எப்படிச் சாப்பிடணும், எங்க தூங்கணும், எந்த வீட்டுல பிச்சை கேக்கணும்னு அந்தக் காலத்துலயே காஞ்சிபுரத்துல உக்காந்து தொகுத்து வச்சிருக்காங்க. இராமானுசருக்குப் பாடம் சொன்ன யாதவப்பிரகாசர், கடைசில தன் சீடன் கையாலயே முக்கோல் வாங்கி, அவர் பண்ணின வேலை அது."

"எனுக்குத் தெரியும். அந்த சீடனைக் காசிக்குக் கூட்டிகினு போயி கங்கையில தள்ளப் பாத்தவருதான அவுரு? நல்ல குருவு."

சாமி சிரித்துவிட்டார். கங்கா சிரிக்கவில்லை. அந்த உபன்யாசத்திலேயே அதுவும் வரும். காவியை நம்புவதற்குத் தனக்கு ஒரு காரணமும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று வீட்டில் மாசானத்தைப் பிடித்து உலுக்கினாள். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "எனக்கே சொல்லத் தெரியலட்டி. லைன்ல நின்னா கை பாட்டுக்கு ஓடுது. நான் எங்க இருக்கேன்னே தெரியல. அங்க போனா நான் இருக்கது தெரியுது."

"அப்ப நானு?"

அவன் பாயை எடுத்து விரித்தான். "நான் சாகற வரைக்கும் சரின்னு சொல்ல மாட்டேன், கேட்டுக்கோ" என்றாள். அதற்கப்புறம் அவன் மடத்துப் பேச்சை எடுக்கவே இல்லை. மறுபடி கட்டிலில் படுத்தான். மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். வேறொருத்தி என்றால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். கங்காவோ, ஒரு குறையும் இல்லாமல் வருகிற பீஸைத்தான் இரண்டு தடவை பார்க்கிறவள். பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து, கேட்டில் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மாசானம் நின்றிருந்தான். கையில் பெரிய பை.

"ஏட்டி, மாமாவுக்கு நெஞ்சு வலியாம். செய்யாறு ஆஸ்பத்திரியில சேத்திருக்காவளாம். உன் போன் கேட்ல இருக்கும்னு ராமன் சித்தப்பா எனக்குப் போட்டாவ. நீ நேரா பஸ் ஏறு. எனக்கு ஷிப்ட் இருக்கு, காலையில வாரேன்."

"ஐயோ! வூட்டுக்குப் போயி பொடவைய மாத்திகினு..."

"எல்லாம் வச்சிருக்கேன். கெளம்பு."

பதறிப்போய் ஏறிவிட்டாள். அப்பாவுக்குப் போட்டால் அணைந்திருந்தது. சித்தப்பாவுக்குப் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். பஸ் வளைவில் திரும்புகிற வரை மாசானம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் அப்படி நின்றதில்லை.

வாலாஜாபாத்தில் இறங்கிக் காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு வெகுநேரம் நின்றதில் தாகம் எடுத்தது. தண்ணி பாட்டில் தேடிப் பைக்குள் கைவிட்டாள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், புடவை. அதற்கடியில் இன்னும் புடவை. அடியாழத்தில் துண்டில் சுற்றிய பலகை மாதிரி ஏதோ ஒன்று. பிரித்தாள். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அவள் அம்மாவின் படம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்கு எதற்குச் செத்துப்போன அம்மாவின் படம்?

காஞ்சிபுரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூவினார். அப்பன் வீட்டிலிருந்து அவசரச் சேதி, சேதியைக் கொண்டு வந்தவன் புருஷன், பை நிறையப் புடவை. ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டுச் சிரித்த கதை, கால் முளைத்து அவள் முன்னால் வந்து நின்றது. அந்தத் தந்திரத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். பஸ் போயிற்று. கங்கா ஆற்றுப் பக்கம் போகிற ஆட்டோவை நிறுத்தினாள்.

மடத்துக் கிணற்றடியில் மாசானம் உட்கார்ந்திருந்தான். தலை மழுங்க மொட்டை. எதிரில் வாழை இலையில் வரிசையாகச் சோற்று உருண்டைகள், எள் தூவி. சுவரோரம் புதிதாக வெட்டிய மூன்று பச்சை மூங்கில் கழிகள், இன்னும் சேர்த்துக் கட்டவில்லை.

"யாருக்குய்யா இந்தப் பிண்டம்?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எனக்குத்தான்" என்றான் மாசானம்.

காவி கட்டப் போகிறவன் முதலில் தனக்குத்தானே கருமம் செய்துவிட வேண்டும். செத்தவன் என்று ஆனபின்தான் துறவி. அது அந்தக் காலத்திலிருந்து வருகிற விதி. கங்காவுக்கு விதி தெரியாது, ஆனால் இலையைப் பார்த்ததும் புரிந்தது. உயிரோடு இருக்கிற புருஷனுக்குப் பிண்டம் வைத்ததைப் பார்த்துவிட்டு நிற்கிறாள். அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது, அழுகைக்குப் பதிலாகக் கத்தல்தான் வந்தது.

"சாமி! நான் சரின்னு சொன்னேன்னு சொன்னானா இவன்?"

சாமி எழுந்து வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "போன்ல ஒரு பொம்பள பேசினாளே, தாயி. சம்மதம்னு..."

"யாரு பேசனது? எவகிட்டயோ போனைக் குடுத்துப் பேசச் சொல்லிகீறான்! எங்கப்பனுக்கு நெஞ்சு வலின்னு பொய் சொல்லி என்னைப் பஸ் ஏத்திகீறான்! எங்கம்மா படத்தக்கூடக் கழட்டிக் குடுத்துட்டான் சாமி!"

"போன்ல பேசினது பொய்தான்" என்றான் மாசானம். "மாமாவுக்கு முடியலங்கிறது பொய் இல்லட்டி. சத்தியமா. சித்தப்பா போட்டாவ. நீ எப்படியும் போவேன்னு, இன்னைக்கே..."

"உன் வாயில வர்ற எதையும் இனிமே நம்ப மாட்டேன் நானு."

அவள் சொல்லி முடிக்கவும் போன் அடித்தது. ராமன் சித்தப்பா.

"எங்க கீற கங்கா? போனை உள்ள எடுத்துகினு போவ வுட மாட்டேன்னுட்டாங்க, அதான் எடுக்கல. அப்பா போய்ட்டாரும்மா. இப்பதான். கங்கா வந்துடுச்சா, கங்கா வந்துடுச்சான்னு கேட்டுகினே இருந்தாரு."

கங்கா கிணற்றுக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பாளோ, மாட்டாளோ, அந்தக் கணக்கை இனி யார் போட்டுக் கொடுப்பது? புருஷனைச் சந்தேகப்பட்டது சரி. அப்பாவின் நெஞ்சு வலியைச் சந்தேகப்பட்டது பாவம். இரண்டையும் ஒரே வாலாஜாபாத்தில், ஒரே பையைத் திறந்து செய்தாள்.

சாமி இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மாசானம் சட்டையைப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான். போகிற வழியெல்லாம் கங்கா அவன் மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

செய்யாற்று வீட்டில் பாடையைச் சுற்றிக் கூட்டம். மகன் இல்லாத ஆள், கொள்ளி யார் வைப்பது என்று பங்காளிகளுக்குள் முணுமுணுப்பு. அப்போதுதான் ஒரு பெரியம்மா மாசானத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

"இன்னாடி, உன் புருசன் மொட்ட அடிச்சிகினு வந்து நிக்கறான்?"

கூட்டம் திரும்பியது. மாசானம் தலையைக் குனிந்தான். கங்கா அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், அத்தனை பேர் முன்னாலும் அவனைத் தோலுரித்துவிடலாம். சிவப்பு ஸ்டிக்கர் கையிலேயே இருந்தது.

"அப்பாவுக்கு மவன் இல்லேன்னு யாரும் சொல்லக்கூடாதுன்னு வரும்போதே அடிச்சிகினு வந்துட்டாரு பெரியம்மா" என்றாள் கங்கா. "கொள்ளி அவருதான் வெக்கணும். கருமம், அமாவாசை, வருசத் திவசம் எல்லாம் அவருதான். அப்பா ஆசை அது."

அப்பாவுக்கு அப்படி ஓர் ஆசை இருந்ததே இல்லை. மாசானம் நிமிர்ந்து பார்த்தான். பொய் என்று அவனுக்குத் தெரிந்தது. எதற்குச் சொல்கிறாள் என்பதும் தெரிந்தது. "மருமவன்னா இப்படி இருக்கணும்" என்று பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். சித்தப்பா தீச்சட்டியை நீட்டினார். மாசானம் கொஞ்ச நேரம் கையை நீட்டாமலே நின்றான். பிறகு வாங்கிக்கொண்டான்.

பதினாறாம் நாள் ஐயர் பிண்டம் பிடிக்கச் சொன்னபோது அவன் கை தடுமாறவே இல்லை. "ஏற்கெனவே பழக்கமா?" என்று ஐயர் கேட்டார். கங்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போதும் அவன் பிரஸ் லைனில்தான் நிற்கிறான். முடி நன்றாக வளர்ந்து, சீவவும் தொடங்கிவிட்டான். ஒவ்வொரு அமாவாசையும் மாமனாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறான், ஒன்றையும் தவறவிட்டதில்லை. வருஷத் திவசம் வரைக்கும் அது அவன் கடன், கடன் இருக்கும்போது விட்டுப் போகிற ஆள் அவன் இல்லை. அந்த அளவுக்கு அவனைத் தெரியும் அவளுக்கு. தஞ்சமாம்பாள் அப்பன் வீட்டு வாசலில் போய் நின்று என்ன செய்திருப்பாள் என்று கங்கா சில நாள் யோசிப்பாள். இந்தச் சித்திரையில் உபன்யாசத்துக்குப் போனபோது எல்லோரும் சிரிக்கிற இடத்தில் எழுந்து வந்துவிட்டாள்.

அம்மாவின் படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறாள், பக்கத்தில் அப்பா. ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவள் பார்ப்பது அந்தச் சுவரைத்தான், படம் அங்கேயே இருக்கிறதா என்று.

வருஷத் திவசம் வருகிற மாசம்.