ஆமியிடம் யார் பேசுவது?

“பால்நிலைச் சமத்துவம்” என்று கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிவிட்டு, கையில் ஒட்டிய வெண்கட்டித் தூளைத் தட்டியபடி எங்கள் விரிவுரையாளர் வகுப்பைப் பார்த்துச் சிரித்தார். ஆசிரியர் பயிற்சிக்குப் புதிதாக வந்திருந்த பாடம் அது. “இதெல்லாம் மற்ற ஊர்க்காரனுக்குத்தான் தேவ. எங்கட பக்கம் வீடு வளவு எல்லாம் பொம்புளைட பேரில. நானே மனிசிட வீட்டில இருக்கிற ஆள். இதுக்கு மேல என்ன சமத்துவம்?” ஆண்கள் சிரித்தார்கள். வெட்கக்கேடு, பெண்கள் நாங்களும் சிரித்தோம், நானும்தான். சீதன வீடு தன் பெயரில் இருந்தும், அப்பா காட்டிய இடத்திலெல்லாம் வாசித்துப் பாராமல் கையெழுத்துப் போட்ட என் அம்மாவை அப்போது நினைக்கவில்லை.

சிரிக்காதவர் என் பக்கத்தில் இருந்த வவுணதீவு அக்கா மட்டும்தான். வாவிக்கு அந்தப் பக்கம், சண்டையில் மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் வைத்து ஆறு வருடம் தொண்டராசிரியையாகப் படிப்பித்தவர். பயிற்சி முடிந்ததும் அந்தப் பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டும், அதை நடத்தும் தலைமை ஆசிரியராக, அதிபர் பொறுப்பு தனக்குக் கிடைக்க வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் ஓர் ஆண் இராணுவச் சோதனைச்சாவடிக்குத் தனியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. பிடித்துக்கொண்டு போன பிள்ளையை விடச் சொல்லிக் கேட்பதற்கும், வயலுக்குப் போக அனுமதி கேட்பதற்கும் ஆமியிடம் போனது பெண்கள்தான். எங்கள் விரிவுரையாளரும் மாணவ ஆசிரியர்களின் கற்பித்தலைப் பார்வையிட வாவியைக் கடக்கும் நாட்களில், குடையை இடுக்கிக்கொண்டு அக்காவின் பின்னாலேயே போவார். அக்கா அரைகுறைச் சிங்களத்தில் பேசுவார், இவர் தலையாட்டுவார்.

அப்படிப்பட்ட மனிதர் அதிபர் பதவிக்கான சிபார்சுக் கடிதத்தில் அக்காவை விட்டுவிட்டு ஒரு மாஸ்டரின் பெயரை எழுதினார். அக்கா நேரே போய், ஏன் சேர் என்று கேட்டார். நானும் கூட நின்றேன்.

“கோவிக்காத மகள். நீ நல்லாப் படிப்பிப்பாய். ஆனா அதிபர் எண்டா ஆமிட்டப் போய்க் கதைக்க வேணும். பொம்புளைக்கு அது சரிவராது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது. கண்ணுக்கு முன்னால் நடந்தது கூடவா ஒரு மனிதருக்குத் தெரியாமல் போகும்!

இன்று அதே பாடத்தை நான்தான் நடத்துகிறேன். வருடா வருடம் ஒருவன் எழும்பி, வீடு பெண்ணின் பெயரில்தானே என்பான். சலித்துப்போய்விட்டது. அடுத்து நடந்ததை மட்டும் அவனுக்குச் சொல்வேன்.

பள்ளிக்கூடம் திறக்க ஆமி முகாமில் அனுமதி வாங்க வேண்டிய நாளில், அதிபராகிவிட்ட அந்த மாஸ்டர் விடியவே அக்காவின் படலையடியில் வந்து நின்றார். “தங்கச்சி, எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்க ஒருக்கா வந்து கதைச்சுத் தாறீங்களா?” அக்கா சேலையை மாற்றிக்கொண்டு போனார். அனுமதியையும் வாங்கிக் கொடுத்தார். கடைசி வரை உதவி ஆசிரியையாகவே இருந்து ஓய்வு பெற்றார்.

உங்களுக்கென்ன விசரா, ஏன் போனீங்கள் என்று, அனுமதி வாங்கி வந்த அன்று பின்னேரமே அவரிடம் கத்தினேன்.

“எனக்கும் வயிறெரியுதுதான். அதுக்காகப் பிள்ளையள் கிடந்து காயிறதா? நான் போகாட்டி ஆரு கா போற?”