நெடுந்தீவு ஒழுங்கைக்குள் நுழையாத பிக்கப்

குதிரையையும் பெருக்க மரத்தையும் பார்க்க நெடுந்தீவு போகிறவர்களுக்காக இணையத்தில் நிறைய எழுதிவிட்டார்கள். இது அவர்களுக்கானதல்ல. வீட்டிலேயே மாற்றிக்கட்டிய வாகனத்தை அங்கே கொண்டுபோக யாராவது நினைத்தால், அவருக்காக எழுதுகிறேன். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை நானும் என் தம்பி குகனும் போனோம். ஊர் பார்க்கப் போகவில்லை, வேலை கேட்டுப் போனோம்.

தீவின் மேற்குக் கரையில் ஒரு சம்மாட்டி இருக்கிறார். பல வள்ளங்களும் ஆட்களும் வைத்துத் தொழில் செய்பவர். மீனையும் நண்டையும் கரையிலிருந்து இறங்குதுறைக்கு ஏற்றிவர அவருக்கு வாகனம் தேவைப்பட்டது. மாரியில் அந்தக் கரையில் சாதாரண வாகனம் புதைந்துவிடும். அந்த ஓட்டம் கிடைத்தால் குகன் ஊரில் நிற்பான். கிடைக்காவிட்டால், கனடாவில் இருக்கும் பெரியண்ணன் சொல்கிறபடி ஆட்களைக் களவாக வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரனைப் பிடித்து வெளிக்கிட வேண்டும். அப்படி வெளிக்கிட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேரவில்லை என்பது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தெரியும். எனக்கு அந்தப் பிக்கப் ஒரு வாகனமே அல்ல, தம்பியை ஊரில் கட்டிவைக்கும் கயிறு.

வண்டி ஒன்றும் பெரிதில்லை. இரண்டு சில்லு இழுவை மட்டுமுள்ள பழைய டீசல் பிக்கப். புளியங்கூடலில் எங்கள் வீட்டு வளவுக்குள் வைத்து அரை வருடம் குகன் அதைப் பிரித்தான், கட்டினான். பின்சில்லின் வில்லோடு, கழித்துவிட்ட லொறியின் வில்பட்டைகளைச் சேர்த்து வண்டியை உயர்த்தினான். கிணற்று மோட்டருக்கு வாங்கி மிஞ்சிய குழாயை எஞ்சினுக்கு மூச்சுக்குழாயாகக் கூரைவரை ஏற்றினான். மணலில் புதையாமலிருக்க அகலமான ரயர். அது வெளியே தள்ளிக்கொண்டு நின்றதால், தார் வந்த தகரப் பரலை வெட்டித் தட்டிச் சில்லுக்கு மேலே மட்காட். வண்டி அடிபடாமலிருக்கப் பக்கத்துக்குப் பக்கம் இரும்புத் தண்ணீர்க் குழாயை வளைத்துக் காப்பு. மணலில் சில்லுக்கடியில் போட நாலு பனஞ்சலாகை. அரை அடி வெள்ளம் நின்ற தரவை வெளியில் ஓட்டிப் பார்த்தோம், ஒருமுறைகூட நிற்கவில்லை. ஊரில் பெடியள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

பயணத்துக்கு வருவோம். காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, புங்குடுதீவுப் பாலம் தாண்டி, இறுப்பிட்டிப் பக்கமாகக் குறிகாட்டுவான் துறைக்குப் போனோம். வானம் கறுத்துக் கிடந்தது. பயணிகள் படகில் வாகனம் ஏற்ற மாட்டார்கள். கட்டடச் சாமான் கொண்டுபோகும் தட்டைப் படகுக்காரரிடம் முன்கூட்டியே இடம் கேட்டு வைத்திருந்தோம். கடல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆட்டியது. குகன் சில்லுக்குக் கட்டை வைத்து, அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.

நெடுந்தீவில் இறங்கித் தார் வீதி முடியும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. கரைக்குப் போகும் சிறு பாதையான ஒழுங்கையின் வாசலில் குகன் பிறேக் அடித்தான். இரண்டு பக்கமும் சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் மதில். எங்கள் வண்டியின் காப்பு இரண்டு மதிலுக்கும் இடைப்பட்ட அகலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது.

எங்கள் ஊரில் ஒழுங்கைக்குக் கிளுவை வேலி. வாகனம் உரசினால் வேலி விலகும், போனபிறகு பழையபடி நிமிரும். பிறந்ததிலிருந்து அந்த வேலியோடு வாழ்ந்ததால், ஒழுங்கைக்கு ஓர் அளவு உண்டு என்ற யோசனையே எங்கள் இருவருக்கும் வரவில்லை. சேற்றுக்கும் தண்ணீருக்கும் மணலுக்கும் யோசித்துக் கட்டியவனுக்குக் கல்லை யோசிக்கத் தெரியவில்லை.

"காப்பை வெட்டி விடன்," என்றேன்.

"காப்பை வெட்டலாம் அக்கா, ரயரை என்ன செய்யிறது? ஒடுக்கமான ரயர் போட்டா மணலுக்கை தாழும். வேறை வழியும் இல்லை."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அதற்குள் மதிலுக்கு உள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். வளவுக்காரி. குகன் விஷயத்தைச் சொன்னான்.

"ஓம் தம்பி, என்ரை பக்கத்தைப் பிரியுங்கோ. எதிர்ப்பக்க மதிலிலை கை வையாதேங்கோ, அது பிரான்சிலை இருக்கிற ஆக்களின்ரை. ஆனா பொழுதுபடமுன்னம் அடுக்கிப்போட்டுத்தான் போகவேணும். பிரிச்ச ஆள்தான் அடுக்கிறது, அது எங்கடை ஊர் வழக்கம். மாடு பூந்தா தோட்டத்திலை ஒண்டும் மிஞ்சாது."

நெருக்கமான இடமெல்லாம் கல்லைப் பிரித்து, வரிசை குலையாமல் உள்ளே வைத்தோம். மத்தியானம் திரும்பிவிட்டது. எனக்கு விரல் நுனியெல்லாம் கிழிந்து எரிந்தது. நீங்கள் போனால் கையுறை கொண்டுபோங்கள்.

அதன் பிறகு அந்த வண்டி ஓடியதை நான் சொல்லியே ஆகவேண்டும். சேற்றில் இறங்கி ஏறியது. கரை மணலில் சலாகைக்கு வேலையே வரவில்லை. சம்மாட்டி மீன்பெட்டிகளை ஏற்றச்சொல்லிப் பாரத்தோடும் ஓடவைத்துப் பார்த்தார். குகனின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கண்டு கனகாலம்.

சம்மாட்டி கடைசியில் மட்காட்டைத் தட்டிப் பார்த்துக் கேட்டார். "வாகனம் திறம், ஒரு குறை சொல்லேலாது. எப்பிடி ஒழுங்கைக்குள்ளாலை வந்தனீர்?"

குகன் சொன்னான்.

"அப்ப சரிவராது தம்பி. ஒவ்வொரு நாளும் மதில் பிரிச்சு அடுக்கினா மீன் நாறிப்போம். நீர் ஒடுக்கமா ஒண்டு செய்துகொண்டு வாரும்."

"ஒடுக்கமா இருந்தா இந்த மணலிலை ஓடாது ஐயா."

"அதுவும் சரிதான்," என்றார். நல்ல மனிதர். நண்டு கொஞ்சம் கட்டித்தந்தார்.

திரும்பி வந்து அடுக்கினோம். முதல்முறை சரிந்து விழுந்தது. இரண்டாம்முறை குகன் என்னைத் தள்ளி நிற்கச்சொல்லித் தானே அடுக்கினான். மழை தூறியது. வளவுக்காரி பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து தந்து, மதிலைக் கையால் அசைத்துப் பார்த்தார்.

"வடிவா அடுக்கியிருக்கிறீர். இனி இது விழாது."

"ஏதோ ஒண்டு நிக்கட்டும்," என்றான் குகன்.

இரவு இறங்குதுறையருகே வண்டிக்குள்ளேயே படுத்து, மறுநாள் படகில் திரும்பினோம். பாதிக் கடலில், என்னைப் பார்க்காமலே சொன்னான். "பெரியண்ணையோடை கதை அக்கா. ஏஜென்சிக்காரனுக்குச் சொல்லட்டும்." இன்னொரு வண்டி செய்வோம் என்றேன். "நீ விடன்," என்றான்.

போகிறவர்களுக்குச் சொல்லவேண்டியவை. தட்டைப் படகு தினமும் ஓடாது. குறிகாட்டுவானில் விசாரித்து, திரும்பிவர இடம் உறுதியான பிறகே வாகனத்தை ஏற்றுங்கள். டீசலும் குடிதண்ணீரும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். உப்புக்காற்று வெல்டிங் செய்த இடத்தைத்தான் முதலில் தின்னும், வந்தவுடன் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வாகனத்தில் எதையும் வெட்டி ஒட்டமுன், போகிற இடத்துக்கு மோட்டார்சைக்கிளில் போய் ஒழுங்கையை அளந்து வாருங்கள். மதிலைப் பிரித்தால் நீங்களே அடுக்குங்கள்.

குகன் சித்திரையில் வெளிக்கிட்டான். முதலில் நாளுக்கொரு குரல் செய்தி வந்தது, பிறகு குறைந்தது, இப்போது இல்லை. எந்த நாட்டில் நிற்கிறான் என்று பெரியண்ணனைக் கேட்டால், "வழியிலை நிக்கிறான், பயப்பிடாதை," என்கிறார். ஏஜென்சிக்காரனும் அவருக்கு அதைத்தான் சொல்கிறானாம். பிக்கப்பின் படத்தை இணையத்தில் போட்ட நாளிலிருந்து விற்பனைக்கா என்று பலர் கேட்டு எழுதுகிறீர்கள். தயவுசெய்து கேட்கவேண்டாம். அது அவனுடைய வண்டி, அவன் வாயால் சொல்லட்டும்.